ராத்திரி மாத்திரை: ஒரு பரோட்டா மாஸ்டரின் நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டம் ஒன்றில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். பெல்லாரியில் செய்து பார்த்த மாதிரியை வைத்து 1996-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. நடைமுறையில் என்னவென்றால், ஒரு மனநல மருத்துவர், ஒரு உளவியலாளர், ஒரு செவிலியர், நான், ஒரு வண்டி. தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு நாள் பிரித்துக்கொண்டு போவோம்.

இதில் வருபவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், உறவு விவரங்களில் சிலதை மாற்றியிருக்கிறேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, "நான் நல்லா வீசுவேன்னு எழுதிருங்க சார்." நன்றாக வீசுவார், நானே பார்த்திருக்கிறேன்.

முன்கதை

எங்களிடம் வந்தபோது அவருக்கு 27 வயது. அப்பா இல்லை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, அக்காவைப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பத்தாவது பாதியில் நின்றதும் ஊர்க்காரர் ஒருவர் கேரளாவில் ஒரு பரோட்டா கடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். டேபிள் துடைத்து, பிறகு மாவு பிசைந்து, 20 வயதில் கல்லில் நின்றுவிட்டார். இந்தத் தொழிலில் அது சீக்கிரம்தான்.

2021 கடைசியில் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. கூட வேலை பார்த்த பையன்கள் பிறகு போனில் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ராத்திரி கடை மூடிய பிறகும் தூங்காமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறார், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று தனியாகப் பொங்கித் தின்றிருக்கிறார், முதலாளி பேசுவது சுவர் வழியாகக் கேட்கிறது என்றிருக்கிறார். ஒருநாள் செல்போன் ஒட்டுக்கேட்கிறது என்று கிணற்றில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேர் பஸ்ஸில் கூட்டிவந்து வீட்டில் விட்டுப் போனார்கள். பாக்கிச் சம்பளம் வரவில்லை.

அடுத்த ஒன்பது மாதம் வழக்கமான பாதை. கோடாங்கி பார்த்தார்கள், தாயத்து கட்டினார்கள், செய்வினை என்றவருக்கு ஒரு சேவலும் பணமும் போயிற்று. அப்புறம் டவுனில் ஒரு தனியார் கிளினிக். இரண்டு ஊசியும் தூக்க மாத்திரையும் கொடுத்தார்கள், என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. மகளிர் குழுவில் வாங்கிய 40,000 ரூபாய் கடன் இதில் கரைந்தது. இதற்காக அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கோடாங்கி தெருமுனையில் இருக்கிறார், மனநல மருத்துவர் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறார்.

பூட்டிய கதவு

2022 செப்டம்பரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண் தன்னார்வலர் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கப் போயிருக்கிறார். உள்ளறைக் கதவு வெளியே பூட்டியிருந்தது, உள்ளே ஆள் சத்தம். அவர் அதை ஊரில் யாரிடமும் சொல்லாமல் நேராக எங்கள் செவிலியருக்கு போன் போட்டார். இந்த நிகழ்வில் முதலாவதாகச் சரியாக நடந்த காரியம் அதுதான்.

அம்மாவுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்றைக்கே போனோம். ஜன்னல் வழியாகத்தான் முதல் பேச்சு. எலும்பும் தோலுமாக இருந்தார் (பிறகு எடை பார்த்தபோது 46 கிலோ). கேள்வி கேட்டால் கொஞ்சம் நேரம் கழித்துப் பதில் வரும், நடுவில் வேறு யாருக்கோ காது கொடுப்பதுபோல் தலை சாயும். "வெளிய நிக்கிறவங்களைப் போகச் சொல்லுங்க" என்றார். வெளியே நாங்கள் இருவர் மட்டும்தான் நின்றோம்.

பூட்டைப் பற்றி என்ன செய்வது? மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு தடை செய்கிறது. பூட்டிய அறை அதற்குப் பக்கத்து வீடு. ஆனால் முதல் சந்திப்பிலேயே சட்டம் பேசினால் அந்த வீட்டுக் கதவு எங்களுக்கும் சேர்த்துப் பூட்டப்படும் என்று தெரியும். அம்மா சொன்ன காரணமும் லேசானது இல்லை. "நாலுவழி ரோட்டுல போய் நடுவுல நிக்கிறான் தம்பி, நான் ஆபீஸுக்குப் போகாம சோறு எங்கிருந்து வரும்?"

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்ததில் 28 பேர் இறந்தார்கள், கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் அந்தத் தேதி தெரியும். நான் ஏர்வாடி என்ற பேரை எடுக்கவில்லை. "நீங்க ஆபீஸ்ல இருக்கிற நேரம் வீட்டுல தீப்பிடிச்சா யாரும்மா திறப்பா?" என்று மட்டும் கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்குத் தீயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாவியை எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்துவைக்கச் சம்மதித்தார். பூட்டு முழுதாகப் போக இன்னும் ஐந்து வாரம் ஆனது.

முதல் முடிவு: ஊசி

அக்டோபர் முதல் வாரம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவும் மாமாவும் கூட்டிவந்தார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று மருத்துவர் முடிவு செய்தார். மாத்திரையை விஷம் என்று துப்பிவிடுகிறார், வீட்டில் நின்று கொடுக்க ஆளும் இல்லை. ஆக மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுகிற நீடித்து வேலை செய்யும் ஊசி, ஃப்ளூஃபெனசின். அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும், செலவில்லை, தினசரி சண்டையில்லை. நானும் அதைத்தான் வலுவாகச் சொன்னேன். அவர் முதல் நாள் மறுத்தார், இரண்டாவது முறை வந்தபோது "தூக்கம் வருமா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

ஆறு வாரத்தில் நல்ல மாற்றம். அம்மா பொங்கிய சோற்றைச் சாப்பிட்டார், குளித்தார், அக்கா பிள்ளையோடு விளையாடினார். சுவர்ச் சத்தம் தூரத்தில் கேட்கிற ரேடியோ மாதிரி ஆகிவிட்டது என்றார். 'நல்ல முன்னேற்றம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். எங்கள் மாதக் கூட்டத்தில் இதை வெற்றிக் கதையாகச் சொன்னதாகக்கூட ஞாபகம்.

டிசம்பரில் வரவில்லை. அடுத்த தவணைக்கும் வரவில்லை. போன் பண்ணினால் அம்மா எடுத்து, "வரமாட்டேங்கிறான் சார்" என்றார், அதுவரை 'தம்பி' என்றவர். நான் எழுதியது அப்படியே இருக்கிறது: 'ஒத்துழைப்பு இல்லை. தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வு குறைவு.' இந்த இரண்டு வரியை எத்தனை பேர் ஷீட்டில் எழுதியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கை

2023 பொங்கல் முடிந்து வீட்டுக்குப் போனேன். ஏன் வரவில்லை என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய் மைதா எடுத்துவந்தார். அரைக் கிலோ இருக்கும். உப்பு, தண்ணீர், எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, "அரை மணி நேரம் இருங்க" என்றார். இருந்தேன். அப்புறம் ஒரு உருண்டையைத் தட்டி, விளிம்பைப் பிடித்து வீசினார்.

வீச்சு என்பது மணிக்கட்டு வேலை. மாவு காற்றில் விரிகிற நொடியில் மணிக்கட்டு தளர்ந்து திரும்ப வேண்டும், விரல் மாவை இறுக்கவும் கூடாது விட்டுவிடவும் கூடாது. அவர் கை மரக்கட்டை மாதிரி ஒரே துண்டாகத் திரும்பியது. மாவு பாதியில் கிழிந்து தொங்கியது. இன்னொரு உருண்டை, அதுவும் கிழிந்தது. மூன்றாவதை எடுக்கும்போது விரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது.

"சார், காதுல சத்தம் கேட்டப்பகூட நான் வீசினேன். ஊசி போட்டப்புறம்தான் வீச முடியல."

டிசம்பரில் சத்தம் அடங்கிய தெம்பில் உள்ளூர்க் கடை ஒன்றில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, குடிகாரன் என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அது நோயைவிடப் பெரிய அவமானம். ஊசிக்கு வராமல் நின்றது அந்த வாரம்தான்.

எங்களில் யாருக்கும் இது தெரியாது. தூக்கம், சாப்பாடு, சத்தம், சந்தேகம் எல்லாம் கேட்டோம். வேலைக்குப் போகிறாரா என்றும் கேட்டோம், ஆம் இல்லை என்று டிக் அடிக்க ஒரு கட்டம் உண்டு. அந்த வேலைக்கு உடம்பில் எது வேண்டும் என்று கேட்கவில்லை. விறைப்பும் நடுக்கமும் இந்த ஊசியின் தெரிந்த பக்கவிளைவுகள். அதற்கென்று டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற சின்ன வெள்ளை மாத்திரையும் கொடுத்திருந்தோம். அது நாக்கை வறட்டியது, பாதி நாள் போடவில்லை. இதே விறைப்பு ஒரு வாட்ச்மேனுக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பார். பரோட்டா மாஸ்டருக்குக் கைதானே தொழில்?

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் தயங்கவில்லை. ஊசியை நிறுத்திவிட்டு ஓலன்சபின் மாத்திரைக்கு மாற்றினார். அதில் கை விறைப்பது குறைவு. பதிலுக்கு எடை ஏறும், சர்க்கரை வரலாம், இதையும் மறைக்காமல் அவரிடமே சொன்னோம். "குண்டானா பரவாயில்ல சார், மாஸ்டர்னா தொப்பை இருக்கணும்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சிக்கல் நேரம். 'இரவு உணவுக்குப் பின்' என்று சீட்டில் இருக்கும். பரோட்டா கடை சாயங்காலம் 5 மணிக்குத் தொடங்கி ராத்திரி 1 மணி வரை. ஒன்பது மணிக்குக் கடையில் மாத்திரை போட்டால் கொதிக்கிற கல்லுக்கு முன்னால் கண் சொக்கும். இந்த மருந்து உடம்பில் ஒரு நாளைக்கும் மேல் தங்குவதால் மணி கொஞ்சம் தள்ளினால் மோசமில்லை என்று மருத்துவர் சொல்ல, வீடு திரும்பி ஒன்றரை மணிக்குப் போடுவது என்று முடிவானது. விடிந்தபின்னும் தூங்குகிறவரைக் காலை ஒன்பது மணி ஓ.பி.க்கு வரச் சொல்வது வீண். பகல் 12.30-க்குக் கடைசி டோக்கன் ஒன்றை அவருக்கென்று வைத்தோம். இதற்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை, டோக்கன் கொடுப்பவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

கடையில் நான் செய்த தப்பு

பிப்ரவரியில் கை விறைப்பு தளர்ந்துவிட்டது. உற்சாகத்தில் நானே எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் போய் வேலை கேட்டேன். நல்ல மனுஷன், உடனே சரி என்றார். அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று, "மாத்திரை சாப்பிடுறாரு, இப்ப ஒண்ணும் பிரச்சினையில்ல, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

ஒரு மாதம் நன்றாகப் போனது. ஒருநாள் பரோட்டா தீய்ந்ததற்கு சப்ளையர் பையன், "மாத்திரை போட்டுட்டு வந்தீங்களா மாஸ்டர்?" என்று கேட்டிருக்கிறான். கடையே சிரித்திருக்கிறது. ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு நேராக என் ஆபீஸுக்கு வந்தார். கத்தவில்லை. "யாரைக் கேட்டு சார் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பதில் இல்லை. நோய் விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமை அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு. மற்றவர்களுக்கு அதைப் பயிற்சி வகுப்பில் நான் பாடம் எடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன், வேலை போனது போனதுதான். அடுத்த கடையை அவரே தேடிக்கொண்டார், எந்தக் கடை என்று இரண்டு மாதம் என்னிடம் சொல்லவில்லை.

திருவிழா வாரம்

2023 ஏப்ரல் கடைசியில் ஊர்த் திருவிழா. புதுக் கடையில் விடியவிடிய வியாபாரம், நாலு நாள் தூக்கமில்லை. வீடு திரும்பும் நேரமே இல்லாததால் ஒன்றரை மணி மாத்திரையும் இல்லை. ஐந்தாம் நாள் சுவர் மறுபடி பேசத் தொடங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா 14416-க்கு, அதாவது டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, போன் பண்ணினார். அந்த எண்ணை நான் அவர் வீட்டு காலண்டரில் எழுதிவைத்திருந்தேன். கூட்டம் கூட்டாமல், விளக்கைப் போட்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காரச் சொல்லி விடியும்வரை கொண்டுபோக அவர்கள் உதவினார்கள்.

காலையில் அம்மாவின் விருப்பம், டாக்டரைப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லி வார்டில் விட்டுவிடுவது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏமாற்றிச் சேர்த்தால் அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டார், அதுவும் ஏற்கெனவே ஒருமுறை நானே நம்பிக்கையைக் கெடுத்தவன். இரண்டு மணி நேரம் பேசினோம். சந்தேகம் இருந்தது, ஆனால் தூங்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவரே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார். 11 நாள். கூட ஆள் இருக்க வேண்டும் என்று வார்டில் சொன்னதால் அம்மாவுக்கு 11 நாள் கூலி போனது, அதை ஈடுகட்ட என்னிடம் எந்த வழியும் இல்லை.

வார்டிலிருந்து வந்ததும் குணசீலம் போக வேண்டும் என்றார் அம்மா. மனநோய் தீர 48 நாள் தங்கி வழிபடுகிற கோவில் அது, ரொம்ப நாள் நேர்த்திக்கடன். இந்த மாதிரி நேரத்தில் எங்கள் துறை ஆட்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அங்கே தங்கிய 31 பேருக்குச் சராசரியாக ஆறு வாரத்தில் நோய் அறிகுறி அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. அதை வைத்து மருந்து வேண்டாம் என்று சொல்ல முடியாது, சாமி கும்பிடுகிறவரோடு சண்டை போடவும் காரணமில்லை. மாத்திரையைப் பையில் போட்டுக்கொடுத்து அனுப்பினோம். மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார்கள்.

அட்டை

அந்த ஆண்டு கடைசியில் நோய் தொடங்கி இரண்டு வருடம் ஆனதால் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்ற நான்கையும் வைத்து மதிப்பெண் போடுவார்கள், 40 சதவீதம் வந்தால் சலுகைகளுக்கு வழியுண்டு. அம்மாவுக்குக் கடன் தலைக்குமேல் இருந்தது, உடனே சரி என்றார். மகன் வேண்டாம் என்றார். "அந்தக் கார்டு வீட்ல இருந்தா எனக்கு யாரு சார் பொண்ணு கொடுப்பா?" வற்புறுத்தவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை அதில் என்மேல் கோபம்.

2024 கடைசியில்

மூன்றாவது கடையில் ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறார். எடை 63 கிலோ, வெறும் வயிற்றில் சர்க்கரை 112, கொஞ்சம் கூடுதல்தான். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம், நடக்கச் சொல்கிறோம், அவர் நடப்பதில்லை. சத்தம் முழுதாகப் போகவில்லை. ஆனால் கொத்து போடுகிறபோது கேட்காது என்கிறார், அந்த இரும்புச் சத்தத்துக்கு முன்னால் எதுவும் நிற்காதாம். திருவிழா வாரத்தில் மட்டும் ஒரு நாள்விட்டு ஒரு நாள் வேலை என்று முதலாளியிடம் அவரே பேசி வாங்கிவிட்டார், முதுகுவலி என்று காரணம் சொல்லி. கடனில் 11,000 பாக்கி. கல்யாணப் பேச்சு இரண்டு இடத்தில் நின்றுபோனது. பெண் வீட்டாரிடம் நோயைச் சொல்வதா, யார் எப்போது சொல்வது என்பதில் குடும்பத்துக்குள் இன்னும் முடிவில்லை. சொல்லியாக வேண்டும் என்பது என் கட்சி, அவரிடம் அதைச் சொல்லியும்விட்டேன். உள்ளறைப் பூட்டு ஆணியில் தொங்குகிறது, சாவி எதிர்வீட்டு அத்தையிடமே இருக்கிறது.

மாற்றிச் செய்வது

மருத்துவர் மருந்து எழுதும் முன், வருகிறவரின் வேலையை அவர் வாயாலேயே, எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்பதிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். முடிந்தால் செய்து காட்டச் சொல்கிறேன். 20 நிமிடம் கூடுதலாக ஆகிறது, 60 பேர் காத்திருக்கிற ஓ.பி.யில் அது எல்லோருக்கும் நடப்பதில்லை என்பதும் உண்மை. யார் வராமல் நின்றாலும் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவதை விட்டுவிட்டேன், அந்த இடத்தில் 'காரணம் தெரியவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும்' என்று எழுதுகிறேன். எழுதியதெல்லாம் போனேனா என்றால், பாதிதான். முதலாளிகளிடம் பேசுவதற்கு முன் என்ன சொல்லலாம், என்ன கூடாது என்று சம்பந்தப்பட்டவர் முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். பெரும்பாலும் அவர்கள் நான் பேசவே வேண்டாம் என்கிறார்கள். வேலைநேரம் மாறுகிற திருவிழா, முகூர்த்த மாதம், தீபாவளி போன்றவற்றுக்கு ஒரு வாரம் முன்னால் போன் போடுகிறோம்.

12.30 டோக்கன் இப்போது ஐந்தாகிவிட்டது. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற இரண்டு பெண்கள், ஒரு வாட்ச்மேன், ஒரு பஸ் கிளீனர், இவர். மருந்துக் கவுன்டரில் இருப்பவர் சாப்பாட்டு நேரம் போகிறது என்று வாராவாரம் சத்தம் போடுகிறார்.